மேடம் சொன்ன பாக்கலாம்

இறுதியாண்டுக்காரர்கள் கைடு பிடிக்கும் வாரத்தில் எங்கள் துறை வராந்தாவில் யாரும் நடப்பதில்லை; எல்லோரும் அலைகிறோம். எந்த ஆசிரியரிடம் ஆராய்ச்சி செய்ய ஆசையோ, அவர் அறைக்கு நாமே போய்ச் சம்மதம் வாங்க வேண்டும். ஒருவரிடம் நான்கு பேருக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை ஐந்து மணி வரை யாரும் சிக்காவிட்டால், மிச்சமிருக்கும் ஆசிரியர் தலையில் அலுவலகமே நம்மைக் கட்டிவிடும்.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. காது கேட்கும் கருவிகள் கூவாமல் தடுப்பது எப்படி என்ற ஆராய்ச்சி. அதைச் செய்பவர் மாடியில் இருக்கும் மேடம் ஒருவர்தான். என் அப்பாவின் காதில் இருக்கும் கருவி, அவர் வாயை அசைத்தாலே கீ என்று கத்தும். அதனால் சாப்பிட உட்கார்ந்ததும் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். பிறகு யார் என்ன பேசினாலும் தலையாட்டல்தான். அம்மா அந்த நேரம் பார்த்துத்தான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் நடுவிலேயே அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார். அது எனக்குப் பொறுக்கவில்லை.

திங்களன்று மேடத்திடம் போய் இதையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினேன். குறுக்கிடாமல் கேட்டார். கடைசியில், "சரி, பாக்கலாம்" என்றார்.

எனக்கு முகம் செத்துவிட்டது. பாக்கலாம் என்றால் என்னவென்று எங்கள் வீட்டில் பிறந்தவளுக்குத் தெரியாதா? சைக்கிள் கேட்டபோது அப்பா சொன்னது பாக்கலாம். சுற்றுலாவுக்கு அனுப்பச் சொன்னபோது அம்மா சொன்னது பாக்கலாம். ஒழுகும் குழாய்க்கு வீட்டுக்காரர் இன்றுவரை சொல்லிக்கொண்டிருப்பதும் அதேதான். இல்லை என்று சொல்ல வாய் வராதவர்களின் சொல் அது. கேட்டவர் புரிந்துகொண்டு மரியாதையாக இடத்தைக் காலி செய்ய வேண்டும். நான் காலி செய்தேன்.

அதன்பிறகு எனக்கு எங்கேயும் உட்காரப் பிடிக்கவில்லை. ஒரு சார் கதவைத் திறக்கும்போதே இடமில்லை என்றார். இன்னொருவர் அறை பூட்டியே கிடந்தது. அப்படியும் நாலு தடவை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். என் தோழி ரேடியோ, வாய் ஓயாததால் வந்த பெயர், எதிரில் வரும்போதெல்லாம் "அவருக்கும் ஃபுல்லாம்டி" என்று செய்தி வாசித்தாள்.

வியாழனன்று, வந்தது வரட்டும் என்று பார்க்கிங் சார் அறைக்குள் நுழைந்தேன். வண்டி நிறுத்த எங்கே இடம் காலி என்று காட்டும் விளக்குகளைத்தான் அவர் வருஷா வருஷம் பிராஜெக்டாகக் கொடுப்பார். அரைத்த மாவு என்று யாரும் அவரிடம் போகமாட்டார்கள். அலுவலகம் தள்ளிவிடுகிறவர்கள்தான் அவர் பங்கு.

"நீயாவா வந்த? ஆபீஸ்ல அனுப்பலையே?"

"நானாத்தான் சார் வந்தேன்."

உடனே அலுவலகத்துக்குப் போன் போட்டு என்னைத் தன் பெயரில் சேர்த்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாடிப்படியில் மேடம் எதிரே வந்தார்.

"என்னம்மா, அதுக்கப்புறம் ஆளையே காணோம்? உனக்குன்னு ஒரு இடத்த வச்சுக்கிட்டு ரெண்டு பேரத் திருப்பி அனுப்பிட்டேன்."

"நீங்க பாக்கலாம்னு சொன்னீங்களே மேடம்."

"ஆமா, பாக்கலாம்னுதான் சொன்னேன்."

"அதான்... இல்லன்னு நெனச்சுப் பார்க்கிங் சார்கிட்ட சேந்துட்டேன்."

மேடம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இல்லன்னா இல்லன்னு சொல்லிருப்பேனே. எனக்கு என்ன பயமா? சரி, அவர் விட்டார்னா அஞ்சு மணிக்குள்ள வா. நான் அவர்கிட்ட கேக்கமாட்டேன். நீதான் கேக்கணும்."

தலைதெறிக்க ஓடினேன். எப்படிப் பூசி மெழுகுவது என்று ஓடும்போதே ஒத்திகை பார்த்தேன். பார்க்கிங் சார் ஒரு மேஜையை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வா வா. இங்க போட்டா உனக்கு வெளிச்சம் நல்லா வரும்ல? நாற்காலிதான் இல்ல. லேப்லேருந்து ஒண்ணு தூக்கிட்டு வந்தேன்."

ஒத்திகை பார்த்ததெல்லாம் காற்றில் போயிற்று. மென்று முழுங்கிவிட்டுக் கடைசியில் போட்டு உடைத்தேன். "சார், மேடம் எனக்கு இடம் தராங்களாம். அந்தக் காது மிஷின் பிராஜெக்ட். எங்க அப்பாவும் அதான் போட்டிருக்கார். நீங்க விட்டாத்தான் போகமுடியும்."

துணியை மடித்து மேஜைமேல் வைத்தார்.

"அப்பாவுக்கா?"

"ஆமா சார்."

"அப்ப அதத்தான் செய்யணும்." போனை எடுத்து, என் மாணவியை மேடம் பெயருக்கு மாற்றுங்கள் என்றார். அந்தப் பக்கம் எந்த மாணவி என்று கேட்டிருப்பார்கள்போல. "எந்த மாணவியா? இருக்கறதே ஒண்ணுதானேப்பா" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. குதித்திருக்க வேண்டும். மாறாக, என்மேலேயே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமையே வாயைத் திறந்து, 'பாக்கலாம்னா சரின்னு அர்த்தமா மேடம்?' என்று கேட்டிருந்தால் இந்த மனிதர் மேஜையை நகர்த்தியிருக்கமாட்டார். "தேங்க்ஸ் சார்" என்றேன். சொன்ன எனக்கே கேவலமாக இருந்தது.

"ஓடு, ஓடு, நேரமாகுது" என்றார். பிறகு, "லேப் போற வழிலதானே இருக்கு. அந்த நாற்காலிய மட்டும் அங்க போட்டுட்டுப் போயிடறியாம்மா?"

இரும்பு நாற்காலி, நல்ல கனம். அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியவில்லை. நடந்துதான் போனேன்.