அரைப் படகு

நியூயார்க்கில் புதிதாய்க் கூடிய கீழ்ச்சபையில் தூனிஸ் போகர்ட்டுக்கு மாடிக் கதவில் நிற்கிற வேலை. கீழே உறுப்பினர்கள் பேசுவார்கள், மேலே ஊர்ச்சனம் உட்கார்ந்து கேட்கும். கொட்டையை உடைத்துத் தின்றுவிட்டு ஓட்டை உறுப்பினர்களின் தொப்பிமேல் போடுகிறவனைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். சபை கலைந்துவிட்டால் இந்த வேலையும் கிடையாது. மறுபடி சிப்பி வாரப் போக வேண்டும். பனிக்காலத்துத் தண்ணீரில் சிப்பி வாரி வாரி அவருடைய முட்டி இரண்டும் செத்துப்போயிருந்தன.

அந்தக் கோடையில் சபை, நாட்டுக்கு ஒரு நிதித்துறை வேண்டும் என்று பேச ஆரம்பித்தது. அதற்கு ஒரே தலைவனா, மூன்று பேர் குழுவா என்று அதிலேயே பல நாள் போயிற்று. இங்கிலாந்து ராஜாவை விரட்டிய சூடு ஆறாத ஜனம், கஜானாச் சாவியை ஒருவன் கையில் கொடுக்கப் பயந்தது. தூனிஸுக்கு ஒருவன்தான் சரியென்று பட்டது. மூன்று பேர் என்றால் யார் சட்டையைப் பிடிப்பது?

கடைசியில் ஒருவன்தான் என்று முடிவானது. ஆனால் அவன் கையைக் கட்ட வேறு ஆட்களைப் போட்டார்கள். அவன் உத்தரவு போடுவான், பணம் வேறொருவனிடம் இருக்கும். அந்த உத்தரவில் இன்னொருவன் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கைச் சரிபார்க்க ஒருவன், எழுதி வைக்க ஒருவன். ஒருத்தனையும் நம்பாமல் ஒரு துறை. மேலே நின்று கேட்ட தூனிஸுக்கு, சொந்தக்காரன் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அவரும் அறுபது வருஷமாய் யாரையும் நம்பியதில்லை. இந்தத் துறைக்கும் ஒரு கதவு இருக்கும், அதில் நிற்க ஒரு ஆள் வேண்டும் என்று கணக்குப் போட்டார். சபை ஊருக்குப் போகும். வரி வாங்குகிற துறை எங்கே போகும்?

அப்போதுதான் சட்டத்தில் இன்னொரு பிரிவை வாசித்தார்கள். இந்தத் துறையில் வேலை பார்க்கிறவன் வியாபாரம் செய்யக்கூடாது. கடலில் போகிற கப்பல் எதிலும் அவனுக்குப் பங்கு இருக்கக்கூடாது.

தூனிஸுக்கு ஒரு சிப்பிப் படகில் பாதி இருந்தது. மீதிப் பாதி பெண்டாட்டியின் தம்பி ரைக்கர்ட்டுடையது.

சாப்பாட்டுக்கு வெளியே வந்த ஹேஸ்கல் என்ற உறுப்பினரை அவர் மடக்கினார். "ஐயா, சிப்பிப் படகு கப்பலாங்க?"

"எங்க ஓடுது?"

"வளைகுடாவுலங்க."

"உப்புத் தண்ணியா?"

"ஆமாங்க."

"அப்ப கடல்தான் பெரியவரே."

பின்னால் வந்த வெர்ஜீனியா உறுப்பினர் நின்றார். "கரை கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் எப்படிய்யா அது கடலு?"

இரண்டு பேரும் அதைப் பேசிக்கொண்டே சாப்பிடப் போய்விட்டார்கள். சபையில் பாதி கடல் என்கிறது, பாதி இல்லை என்கிறது என்று தூனிஸ் எடுத்துக்கொண்டார். இவர்களை நம்பி இருக்க முடியாது.

அன்றைக்கே ரைக்கர்ட்டிடம் போனார். அவன் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தான்.

"என் பாதிய நீயே எடுத்துக்க மாப்ள."

"ஏன் மாமா, படகு ஒழுகுதா?"

"கவர்மெண்டு வேலைக்குப் போறேன். பங்கு இருக்கக் கூடாதாம்."

"கவர்மெண்டா! இந்தக் கவர்மெண்டு அடுத்த ஈஸ்டர் வரைக்கும் இருக்குமான்னே தெரியல" என்று சிரித்துவிட்டு, பாதி விலை சொன்னான். தூனிஸ் வாயில் வந்ததைத் திட்டிவிட்டுச் சம்மதித்தார்.

வீட்டில் பெண்டாட்டி ஆன்ட்யே சட்டியைப் போட்டு உடைக்காத குறை. "என் பேரை வெச்ச படகை வித்துட்டு வந்து நிக்கிற. அடுத்தது என்னையா?"

"உன்னைய வாங்க ஆள் வேணுமே."

சட்டம் செப்டம்பரில் வந்தது. தூனிஸுக்கு அந்தத் துறையில் கதவு வேலையும் கிடைத்தது. முதல் நாள் தலைமை எழுத்தர் விக்கமிடம், படகை விற்றுவிட்டதைத் தானாகவே சொன்னார்.

விக்கம் நிமிர்ந்து பார்த்தார். "யாரு விக்கச் சொன்னது? அது அதிகாரிங்களுக்கு. நீர் கதவு. சட்டத்துல உம்ம பேச்சே இல்ல."

தூனிஸ் நேரே துறைமுகத்துக்குப் போனார்.

"பங்கைத் திருப்பிக் குடு மாப்ள. சட்டம் என்னையச் சொல்லலையாம்."

"அதைப் போயி வெளிய சொல்லிக்கிட்டு அலையாதீங்க மாமா, கேவலமா இருக்கு" என்றான் ரைக்கர்ட். "வித்தது வித்ததுதான். சிப்பி வேணும்னா வாங்க, விலை போட்டுத் தர்றேன்."

தூனிஸ் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. படகு போனதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சும்மாவே போயிற்று என்பதைப் பொறுக்க முடியவில்லை. சட்டத்துக்காகப் போனது என்றாவது இருக்க வேண்டும்.

காலையில் விக்கம் முன்னால் போய் நின்றார்.

"என்னையும் அந்தச் சட்டத்துல சேருங்க."

"எதுக்கு?"

"நான் மட்டும் என்ன, திருட மாட்டேனா?"

"உம்ம கையில காசே வராதேய்யா!"

"நம்பாத துறைன்னுதானே வந்தேன். இங்க வந்தா என்னைய மட்டும் நம்புறீங்க. என்ன நியாயம் இது?"

அதிகாரிகள் வருகிற நேரம். ஆளை வாசலுக்கு அனுப்பினால் போதும் என்று விக்கம் சத்தியம் வாங்கப் பைபிளை எடுத்து வைத்தார். தூனிஸ் அதன்மேல் கையை வைத்தார்.

"வியாபாரம் உண்டா?"

"கிடையாது."

"கப்பல், கப்பல்ல பங்கு?"

"அரைப் படகு இருந்துச்சு. வித்தாச்சு."

"யாருக்கு?"

"மச்சினனுக்கு."

விக்கம் பெருமூச்சு விட்டார். "இந்த ஒரு வாரமா எல்லாருமே மச்சினனுக்குத்தான்யா வித்திருக்காங்க."

"என் மச்சினன் திருப்பித் தரமாட்டேங்கிறான் ஐயா."

விக்கம் பைபிளை எடுத்து ஓரமாய் வைத்தார். "அப்ப இந்தத் துறையில சட்டப்படி இருக்கிறது நீர் ஒருத்தர்தான். போய்க் கதவைத் திறங்க, அவங்கல்லாம் வந்துட்டாங்க."