ஈசானிய மூலை மனை

தட்சணாமூர்த்தி மனை பார்க்கப் புறப்பட்டபோது சட்டைப்பையில் திசைகாட்டி வைத்திருந்தார். வானூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ரிட்டையர்மென்ட்டில் வந்த தொகை ஒரே ஒரு மனைக்குத்தான் காணும். அதைத் தப்பான இடத்தில் போட்டுவிட்டால் சாகும்வரை வாடகை வீடுதான். இந்த விஷயத்தை அவர் மனைவி தெய்வநாயகி காலையில் காப்பியோடும் ராத்திரி தோசையோடும் தவறாமல் பரிமாறி வந்தாள்.

மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டி, சாகர நகர் என்று ஒரு மனைப்பிரிவு போட்டிருந்தார்கள். சித்திரை மாதத்தில் புரோக்கர் அசோகன் வேன் வைத்து இருவரையும் கூட்டிக்கொண்டு போனான். வேனில் ஏ.சி. உண்டு, தயிர்சாதமும் உண்டு. பக்கத்து உப்பளத்தில் குவித்திருந்த உப்பு வெயிலில் கண்ணைப் பறித்தது. மனைப்பிரிவின் தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. தண்ணீர் என்ற வார்த்தையையே கேள்விப்படாத மாதிரி அப்பாவியாய் ஒரு தரை.

அசோகன் முதலில் காட்டியது ரோட்டோரத்து மேட்டு மனை. தட்சணாமூர்த்தி திசைகாட்டியை எடுத்து ஒரு பார்வைதான் பார்த்தார்.

"ஏம்பா, தெக்குப் பார்த்த மனையை என் தலையில கட்டப் பாக்குறியா? எமன் வாசல்பா அது!"

"விலை கம்மி சார்."

"எமன் எப்பவும் கம்மியாத்தான் குடுப்பான்."

கூடவே வந்திருந்த வாஸ்து நிபுணர் ஆதிமூலம் இதைக் கேட்டுத் தலையை ஆட்டினார். மனைப்பிரிவு முழுக்க நடந்தார். கடைசியில் வடகிழக்கு மூலைக்கு வந்து நின்று, ஒரு சொம்புத் தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னார். தண்ணீர் இப்படி அப்படிப் பார்க்காமல் நேராக மூலைக்கல்லைப் போய்த் தொட்டது. ஆதிமூலம் கண்ணை மூடிக்கொண்டார்.

"பாத்தீங்களா? மொத்த நகருக்கும் ஈசானியம் இதுதான். தென்மேற்கு ஒசரம், வடகிழக்கு பள்ளம். லட்சத்துல ஒரு மனை. ஊர்ல இருக்குற ஐஸ்வரியமெல்லாம் ஓடி வந்து இங்கதான் தேங்கும்."

"ஐஸ்வரியம் மட்டும்தான் தேங்குமா?" என்றாள் தெய்வநாயகி.

"சாஸ்திரத்துல பூந்து பேசாதே," என்றார் தட்சணாமூர்த்தி. அங்கேயே அட்வான்ஸ் கைமாறியது.

பத்திரத்தையும் பூமி பூஜையையும் ஒரே நாளில் முடித்துவிட அவருக்கு ஆசை. அந்த நாளை ஆதிமூலம் வெகு ஜாக்கிரதையாகக் குறித்தார். வைகாசியில் தட்சணாமூர்த்திக்குக் கோட்சாரம் சரியில்லை. ஆனியில் வாஸ்து நாளே கிடையாது. ஆடி ஆகாது. ஆவணியில் தெய்வநாயகியின் அண்ணன் வீட்டில் தீட்டு. புரட்டாசியில் வாஸ்து பகவான் கண்ணே திறப்பதில்லை. ஐப்பசியில் அவர் விழிக்கிற நேரம் இவருக்குச் சந்திராஷ்டமம். ஆக, வடகிழக்குப் பருவமழையைத் தவிர மற்ற எல்லா ஆபத்துகளையும் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்து, கார்த்திகையில் நிறுத்தினார்கள்.

கார்த்திகை வாஸ்து நாள் அன்று காலையில் மழை விட்டிருந்தது. ஐயர், செங்கல், தேங்காய், தாம்பூலம் எல்லாவற்றோடும் கார் சாகர நகர் நுழைவு வளைவுக்கு முன்னால் நின்றது. உள்ளே போவதற்கு நகரைக் காணோம். வளைவு முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு "வருக வருக" என்றது. அதற்கப்பால் உப்பளம் எது, நகர் எது, பக்கிங்காம் கால்வாய் எது என்று பிரித்துச் சொல்ல ஒரு வரப்பும் வெளியே தெரியவில்லை. தூரத்தில், ஐஸ்வரியம் தேங்க வேண்டிய இடத்தில் ஒரு கொக்கு ஒற்றைக்காலில் நின்றது. மூலைக்கல் அதன் காலடியில் இருந்திருக்க வேண்டும்.

அசோகன் அசரவில்லை. "சார், நல்ல சகுனம் சார்! கங்கா மாதாவே நேர்ல வந்துட்டாங்க."

"ஹோம குண்டத்தை எங்க வைக்கறது? தெப்பத்துலயா?" என்று கேட்டுவிட்டு ஐயர் காரைவிட்டு இறங்கவே மறுத்தார்.

முப்பதடி ரோடு என்று வரைபடத்தில் போட்டிருந்த இடத்தில், பக்கத்துக் குப்பத்துத் தமிழரசன் இடுப்பளவுத் தண்ணீரில் வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தான். தெய்வநாயகி அவனைக் கூப்பிட்டாள்.

"ஏம்பா, என்னா படுது?"

"எறா நல்லாப் படுதுமா. அந்த மூலையிலதான் நண்டு. நேத்து கூட நாலு கிலோ புடிச்சேன்." கொக்கு நின்ற பக்கம் கை காட்டினான். "உங்க எடமா அது? நல்ல எடம்மா. வித்துடாதீங்க."

தெய்வநாயகி ரோட்டோரமாய்ப் பார்த்தாள். மேட்டில், எமன் வாசலில், சொட்டுத் தண்ணீர் இல்லை. மணல் குவியல், ஜல்லிக் குவியல், தூண் எழும்பி நிற்கும் ஒரு வீடு.

"அசோகா, அது யாரு கட்றாங்க?"

அசோகனுக்குத் திடீரென்று போனில் வேலை வந்தது.

"உன்னைத்தான் கேக்குறேன்."

"அது... நம்ம ஆதிமூலம் சார்தாம்மா. நீங்க வேணாம்னதும் மறுநாளே எடுத்துட்டாரு."

தட்சணாமூர்த்தி ஆதிமூலத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் குரல் தேனாய் வந்தது.

"எனக்கு மகர ராசிங்க. எங்க ராசிக்குத் தெக்கு வாசல்தான் பொருத்தம்."

"நானும் மகரம்தாங்களே!"

"உங்களுக்கு நட்சத்திரம் வேறங்க."

போன் கட்டானது. தெய்வநாயகி சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"தெக்குப் பார்த்த வாசலுக்குப் புள்ளையார் ஒருத்தரு போதுங்க," என்றாள் மெதுவாக. "தண்ணி பார்த்த வாசலுக்கு நாம தோணி வாங்கணும்."

"சார், பத்திர ஆபீஸ்ல டோக்கன் போட்டாச்சு," என்று அசோகன் நினைவுபடுத்தினான். "வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டீங்கன்னா..."

தட்சணாமூர்த்தி பத்திர நகலை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். பிறகு அதை மடித்து அசோகன் சட்டைப்பையிலேயே சொருகினார்.

"ஆதிமூலத்துக்குப் பக்கத்துல மனை இருக்குதா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்குது சார். ஆனா உங்களுக்கு ஆகாது."

"ஏன்?"

"நேரா எதுத்தாப்ல ரோடு வந்து முட்டுது சார். தெருக்குத்து! சாஸ்திரத்துல அதைவிட மோசமான மனையே கெடையாதுன்னு ஆதிமூலம் சாரே சொல்லியிருக்காரு."

"அவர் வாயால சொன்னதைக் கேட்டது போதும்பா. அவர் கால் எங்க நிக்குதோ அதுக்குப் பக்கத்துல குடு," என்றார் தட்சணாமூர்த்தி. "தெரு குத்துனா குத்தட்டும். முழுகுறதுக்கு அது தேவல. அட்வான்ஸை அதுக்கு மாத்தி எழுது. மாத்தலேன்னா, அந்த வளைவுக்குக் கீழ நின்னு வர்ற வேனையெல்லாம் நிறுத்தி, நண்டு எங்க படுதுன்னு நானே காட்டுவேன்."

அசோகன் தண்ணீரைப் பார்த்தான், தட்சணாமூர்த்தியைப் பார்த்தான், கடைசியில் பேனாவை எடுத்தான்.

தெய்வநாயகி அதற்குள் செங்கலைக் கையில் எடுத்துக்கொண்டு மேட்டை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தாள். காரின் கண்ணாடியை இறக்கி, "அங்க தரை காஞ்சிருக்கோ?" என்று ஐயர் கேட்டார்.