எந்தப் பெருநாள்?

ரசீதில் எல்லப்பன் தன் கையாலேயே எழுதியிருந்தார்: ‘பெருநாளுக்கு முன் டெலிவரி.’ படாளத்தில் மரப்பட்டறை வைத்திருப்பவர். என் மகள் ஹனியாவைக் கட்டிய மாப்பிள்ளை முதல் முறையாகப் பெருநாளுக்கு வருகிறார் என்றுதான் அவரிடம் தேக்குக் கட்டில் சொன்னேன். ரம்ஜான் வந்தது, மாப்பிள்ளை வந்தார், கட்டில் வரவில்லை. சதுரங்கப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை பாயில் படுத்தார். நான் கூனிக் குறுகிப் போனேன்.

பக்ரீத்துக்கு இரண்டு நாள் முன்னால் கட்டில் வந்து இறங்கியது. வண்டியைத் திருப்பி அனுப்பினேன். நான் கொடுத்திருந்த அட்வான்ஸைக் கேட்டேன், தரவில்லை. செங்கல்பட்டு நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். அவர் வக்கீல் வைத்து எழுத்தில் பதில் கொடுத்தார்: ‘பக்ரீத்தும் பெருநாளே. ரம்ஜான் என்று சுராயா பொய் சொல்கிறார்.’

எங்கள் பேச்சில் இரண்டுமே பெருநாள்தான். அந்த இடத்தில் மனுஷன் கெட்டிக்காரர். ஆனால் பொய் என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

“வுட்டுடு சுராயா, கோர்ட்டு கீர்ட்டுன்னா பேஜாரு” என்றார் என் வீட்டுக்காரர் அப்பாஸ்.

“பணத்த வேணா வுடறேன். பொய்க்காரின்ற பேர வுடமாட்டேன்.”

டிஸ்ப்ளே போன என் பழைய போனை மதுராந்தகத்தில் சீனு கடையில் கொடுத்து உயிர்ப்பித்தேன். எல்லப்பன் அனுப்பிய குரல் செய்திகளை ஒன்று விடாமல் கேட்டேன். பதினேழாவதில் மாட்டினார். அதைப் பென்டிரைவில் ஏற்றி, எழுத்திலும் எழுதி, என் போனில் வந்ததுதான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

விசாரணை அன்று அவர் குரலே பேசியது: “யம்மா, வானத்துல பொறை தெரிஞ்சா மறுநாளே பெருநாளாமே? என்னிக்குன்னு தெரியாம எப்டி வண்டி சொல்றது? ரெண்டு நாள் முன்னாடியே எறக்கிடறேன்.”

இதில் என்ன இருக்கிறது என்று ஆணையத் தலைவர் கேட்டார்.

“பக்ரீத்துக்குப் பொறை பாத்து பத்தாம் நாள்தாங்க பெருநாள். பொறை தெரிஞ்ச மறுநாளே வர்றது ரம்ஜான் மட்டுந்தான்.”

எல்லப்பனின் வக்கீல் தாளைப் புரட்டினார். அதில் அவருக்கு உதவ ஒன்றும் இல்லை.

உத்தரவுக்கு வேறு தேதி போட்டார்கள். வெளியே வந்ததும் எல்லப்பன் என்னைத் தனியே அழைத்து, அட்வான்ஸை முழுசாகத் தருகிறேன், கேஸை வாபஸ் வாங்கிக்கொள் என்றார்.

“கேஸு அப்பறம் அண்ணாத்த. மொதல்ல உள்ள போயி, பொய் சொன்னது யாருன்னு உன் வாயால சொல்லிட்டு வா” என்றேன்.

அவர் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சுவரைப் பார்த்தார். நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.