செத்த நகல்

பழம் வாங்கி வந்திருக்கிறாள். அப்படியென்றால் நல்ல சேதி இல்லை. நல்ல சேதியாக இருந்தால் போனிலேயே கத்தித் தீர்த்திருப்பாள். பையை இரண்டு கையாலும் பிடித்திருக்கும் விதத்தைப் பார், ஆஸ்பத்திரியில் யாரையோ பார்க்கப் போகிறவள் மாதிரி. யாருக்கு உடம்பு சரியில்லை? எனக்கா? எனக்கு இனி வருவதற்கு என்ன இருக்கிறது, எடுப்பதற்குத்தான் என்ன இருக்கிறது?

இவ்வளவையும் நினைத்துக்கொண்டே கடை வாசலில் நின்ற என் தங்கையைப் பார்த்துச் சிரித்தேன். கொஞ்சம் இரு என்று கையைக் காட்டினேன். உள்ளே ஆள் இருந்தார்.

பஸ் ஓட்டுகிறவர். லைசென்ஸைப் புதுப்பிக்கும் முன்னால் எங்கள் கண்ணாடிக்கடைக்கு வந்து கண்ணைச் சோதித்துக்கொள்வார். நான் விளக்கைப் போடுவதற்குள் எழுத்து அட்டையின் கடைசி வரியைக் கடகடவென்று ஒப்பித்துவிட்டார்.

"அண்ணே, நான் இன்னும் லைட்டே போடல."

"போடலன்னாலும் தெரியுதும்மா. அவ்வளவு நல்ல கண்ணு."

"அட்டையை மாத்தியாச்சு. இது புதுசு."

அவர் முகம் தொங்கிப்போயிற்று. "இதெல்லாம் நியாயமா? போன தடவை பாத்ததுலேர்ந்து மனசுலயே வச்சிருந்தேன்."

உள்ளறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெஷின் சத்தத்தையும் மீறிச் சிரித்தார். என் தங்கை சிரிக்கவில்லை. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். சாவு வீட்டில்கூட யாராவது ஒருவரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் வருவாள்.

ஓட்டுநருக்குப் பவர் கூடியிருந்தது. எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கத்துக்குத் திருப்பினேன்.

"மாமாவையும் கூப்பிடவா?" என்று அவளிடம் கேட்டேன்.

"வேணாம். முதல்ல நீ உக்காரு."

"நான் நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லு."

அவள் பழப்பையைக் கண்ணாடி மேசைமேல் வைத்தாள். "உன் ரிப்போர்ட் தப்புக்கா."

எந்த ரிப்போர்ட் என்று நான் கேட்கவில்லை. என் வாழ்க்கையில் ரிப்போர்ட் என்று ஒன்றுதான் உண்டு.

வாலு வேலை பார்ப்பது ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில். ரத்தத்திலிருந்து மரபணுக்களை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொல்லும் இடம். அம்மா குடல் புற்றுநோயில் போனபோது, இது குடும்பத்தில் இறங்கி வருகிற வகையாக இருக்கலாம் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அம்மாவின் ரத்தத்தை அதற்காக யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை. வாலுதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். இருவரும் கொடுத்தோம். அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. எனக்கு இருக்கிறது, ஒரு மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது என்று வந்தது. குடலில் வரலாம், கர்ப்பப்பையிலும் வரலாம். குடலை அடிக்கடி பார்த்துக்கொள்ளலாம். கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துவிடுவது பத்திரம். காத்திருப்பதும் உங்கள் இஷ்டம் என்றார்கள். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அம்மாவின் கடைசி நாட்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். காத்திருக்கவில்லை.

அது நடந்து நான்கு வருஷமாகிவிட்டது.

மேசைக் கண்ணாடியில் ஓட்டுநரின் விரல் ரேகைகள் பதிந்திருந்தன. துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். வயிறு ஞாபகத்துக்கு வரவில்லை. முதலில் அம்மாதான் வந்தாள். தோடு வாலுவுக்கு, வியாதி எனக்கு என்று நான் கேலி பேசிக்கொண்டிருந்த சொத்துப் பங்கீடு அது. வாலு அழுவாள், நான்தான் அவளைத் தேற்றுவேன். தேற்றும்போது உள்ளுக்குள் எனக்கு ஒரு பெருமை இருந்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மா தன் உடம்பை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்? என்னிடம். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அவள் படுத்த கட்டிலில் நானும் படுத்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். அதையும் இப்போது வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்கள்.

"மெஷின் தப்பாப் படிச்சுடுச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல. சரியாத்தான் படிச்சுது. அதான்க்கா கொடுமை." அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேலையைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் நேராகிவிடும். "மெஷின் நீட்டமா படிக்காது. துண்டு துண்டா படிக்கும். எந்தத் துண்டு எந்த இடம்னு அப்புறம் கம்ப்யூட்டர் பாத்து ஒட்டும். நாங்க பாத்த மரபணுவுக்கு இன்னொரு நகல் இருக்கு. செத்த நகல். பாக்க அச்சு அசலா அதே மாதிரி இருக்கும். ஆனா ஒரு வேலையும் செய்யாது."

"நம்ம சித்தப்பா மாதிரியா?"

வாய் தவறி வந்துவிட்டது. அப்பாவின் தம்பி. முகம், நடை, இருமல் எல்லாம் அப்பாதான். வாழ்நாளில் ஒரு நாள் வேலைக்குப் போனதில்லை. வாலு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அதே மாதிரிதான்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த மாறின எழுத்து உன் உடம்புல நிஜமாவே இருக்கு. ஆனா செத்த நகல்ல இருக்கு. அங்க இருந்தா ஒண்ணும் ஆகாது. அதைக் கொண்டுவந்து வேலை செய்யறதுமேல ஒட்டிட்டோம்."

"சித்தப்பா பண்ணினதுக்கு அப்பாவைப் பிடிச்சுட்டுப் போயிருக்கீங்க."

"ம்."

"ஒரு தடவைக்கு ரெண்டு தடவை பாக்க மாட்டீங்களா? நான் ஒரு மூக்குக்கண்ணாடி குடுக்கறதுக்கே போட்டுப் பாருங்க, நடந்து பாருங்கன்னு சொல்றேன்."

"சந்தேகமா இருந்தா வேற முறைல இன்னொரு தடவை பாப்போம். உன்னோடதுல சந்தேகமே வரல. ஒவ்வொரு எழுத்தும் பளிச்சுனு இருந்துச்சு. புது மெஷின் வந்த சமயம். இவ்வளவு பளிச்சுனு இருக்கறதைத் திருப்பிப் பாக்கறது வீண் வேலைன்னு பெரியவர் சொல்லிட்டார்."

பெரியவர் என்பது அவள் கூடத்தின் தலைவர். நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "தைரியமான முடிவும்மா" என்று சொன்னவர்.

ஓட்டுநர் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் ஓர் எழுத்துகூடத் தப்பில்லாமல்தான் சொன்னார்.

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"நீட்டமா படிக்கற மெஷின் ஒண்ணு வந்திருக்கு. ஃப்ரீசர்ல இருந்த பழைய ரத்தத்தை எல்லாம் எடுத்து, அந்த ஒரு மரபணுவை மட்டும் திரும்பப் பாத்தோம். ஆராய்ச்சிக்காக."

"உன்னோடதையும் பாத்தீங்களா?"

அவள் பழப்பையின் காதைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள்.

"எனக்கும் அது இருக்குக்கா."

"எது?"

"அதே எழுத்து. அதே செத்த நகல்ல. அம்மாகிட்டேர்ந்தோ அப்பாகிட்டேர்ந்தோ ரெண்டு பேருக்கும் வந்திருக்கு." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "நூறு துண்டு படிச்சா அதுல இருபதுலயாவது மாறியிருந்தாத்தான் நிஜம்னு எடுத்துக்குவோம். அதுக்குக் கீழ இருந்தா மெஷினோட குப்பைன்னு தள்ளிடுவோம். உனக்கு இருபத்திரெண்டு வந்துச்சு. எனக்குப் பதினெட்டு."

"இருபதுன்னு யார் வச்சது?"

"யாராவது ஒரு கோடு போட்டுத்தானேக்கா ஆகணும்."

கோடு போட்டுத்தான் ஆகவேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். அதற்குப் பிறகு அவளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியில் அவனை முதலில் கையில் வாங்கியவள் நான். தையல் போட்ட இடத்தில் அவன் கால் பட்டு உதைத்ததும், "பெரியம்மாவை மிதிக்கிறான் பாரு" என்று எல்லோரும் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. தலைவிதி என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அப்படி நினைப்பதில் ஒரு கௌரவமாவது இருந்தது.

"சரி," என்றேன். "சொல்லிட்டே. இதுக்கு எதுக்கு இவ்வளவு பழம்?"

அவள் பையை என் பக்கம் தள்ளினாள். முப்பது வருஷத்துக்கு மேல் அவளைத் தெரியும். சின்ன வயதில் கண்ணாடியை உடைத்தால் அதை மட்டும் சொல்லிவிட்டு நிற்க மாட்டாள். அப்பாவிடம் பூனை உடைத்ததாக நான் சொல்ல வேண்டும், அதையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

"இதைக் கட்டுரையா எழுதறோம்," என்றாள் கடைசியில். "இப்படித் தப்பு நடக்கும், பாத்துச் செய்யுங்கன்னு மத்த இடத்துக்கும் தெரியணும்ல. எங்ககிட்டயே ஏழு குடும்பத்துல இப்படி ஆகியிருக்கு."

"அவங்களுக்கெல்லாம் சொல்லியாச்சா?"

"எல்லாருக்கும் சொல்லியாச்சு. டாக்டர்களுக்கும் லெட்டர் போயாச்சு. அதுல ஆபரேஷன் வரைக்கும் போனது நீ ஒருத்திதான். கட்டுரையைப் பத்திரிகைல போடறவங்க முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அதனால பெரியவர் ஒரு வரி சேக்கலாம்னு சொல்றார். ஆபரேஷன் பண்ணிக்கிட்டவருக்கு வேற காரணமும் இருந்துச்சுன்னு. உன் பேரெல்லாம் வராது. ஒரு டாக்டரம்மா நாளைக்குப் போன் பண்ணுவாங்க. ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருந்துச்சான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னாப் போதும்."

"எனக்கு எப்ப ரத்தப்போக்கு இருந்துச்சு?"

"இருந்துச்சேக்கா. ரிப்போர்ட் வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி எனக்குப் போன் பண்ணினியே. படுக்கையே நனைஞ்சு போச்சு, எழுந்து நிக்க முடியலன்னு. நான்தானே மாத்திரை பேர் சொன்னேன். நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லச் சொல்லல."

உள்ளே மெஷின் நின்றது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அந்த மெஷினை வைத்துத்தான் தெரியும்.

"கட்டுரைல உன் பேரும் இருக்கா?"

"இருக்கு. மூணாவது பேர்." அவள் குரல் உடைந்தது. "அதுக்காக மட்டும் கேக்கலக்கா, சத்தியமா. உனக்கும் அது நல்லதுதானே? எப்படியும் ஒருநாள் எடுத்திருக்க வேண்டியதுதான்னு நினைச்சுக்கலாம்ல. வீணா எடுத்துட்டாங்கன்னு தினம் நினைச்சா நீ எப்படித் தூங்குவே? நான் எப்படித் தூங்குவேன்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. நாளைக்கு டாக்டரம்மாவிடம் சொல்வேன், அடுத்த வாரம் எனக்கே சொல்லிக்கொள்வேன், வருஷம் முடிவதற்குள் அது நடந்ததாகவே ஆகிவிடும். துண்டு நிஜமான துண்டுதான். பளிச்சென்று இருக்கிறது. ஒட்டுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்கிறாள்.

அந்த மாதம் எனக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. இரண்டு வாரம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் முதல் தடவை. சோதித்துப் பார்க்கப் பயந்து, கண்ணேறு பட்டுவிடுமோ என்று நாங்கள் இருவரும் அதைப் பற்றி வாய்விட்டுப் பேசிக்கொள்ளக்கூட இல்லை. அவர் மட்டும் கடைக்கு வந்த பெட்டிகளை என்னைத் தூக்கவிடாமல் தானே தூக்கினார். அப்புறம் ஒரு விடியற்காலையில் படுக்கை நனைந்தது. வாலுவுக்குப் போன் பண்ணும்போது, அதிகமாகப் போகிறது என்று மட்டும்தான் சொன்னேன். அவள் மாத்திரையின் பெயரைச் சொன்னாள். அடுத்த மாதம் ரிப்போர்ட் வந்தது. இது வேறு உடம்பு, இதில் எதுவும் தங்காது, தங்கினாலும் நல்லதாகத் தங்காது என்று நான் முடிவு செய்ததற்கு அந்த விடியற்காலையும் ஒரு காரணம்.

ஆனால் தங்கத்தான் பார்த்திருக்கிறது. நல்ல உடம்பு அது. அம்மாவுடையதும் இல்லை, வியாதியுடையதும் இல்லை, என்னுடையது. இரண்டு வாரம் ஒரு ஆள் அங்கே இருந்துவிட்டுப் போயிருக்கிறது. அதற்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. அது வந்துபோன ரத்தத்தைத்தான் இவர்கள் வேறு காரணம் என்று எழுதக் கேட்கிறார்கள்.

உள்ளறைக் கதவருகே என் வீட்டுக்காரர் வந்து நின்றிருந்தார். கையில் பாதி தேய்த்த லென்ஸ். அவர் என்னைப் பார்க்கவில்லை. லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, அதில் இல்லாத கீறலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அக்கா," என்றாள் வாலு. "ஏதாவது சொல்லேன். திட்டவாவது செய்."

திட்டலாம். திட்டினால் அழுவாள், அழுதால் தேற்ற வேண்டும். தேற்றுவது எனக்கு நன்றாக வரும். அதையே இவ்வளவு நாள் செய்திருக்கிறேன். முடிவில் கண்ணைத் துடைத்துவிட்டு, சரி விடு, சொல்லிடறேன் என்பேன். அவளும் அதை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

"டாக்டரம்மா போன் பண்ணட்டும்," என்றேன். "வேற காரணம் எதுவும் இல்லன்னு சொல்லிடறேன்."

"ஆனா அந்த மாசம் உனக்கு—"

"அந்த மாசம் எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல, வாலு. அந்த வரியை எழுத வேணாம்."

சத்தமாகச் சொல்லவில்லை. பழப்பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"பசங்களுக்குக் கொண்டு போ."