எட்டு ஜிபி போதும்

ஈஜோக்கிலிருந்து ரவாங்கில் இருந்த கணினிக் கடை வரைக்கும் புஷ்பாதான் காரை ஓட்டினாள். சர்க்கரை நோயால் இடது கண் பார்வையை இழந்த கணவன் சுகுமாறன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். வலது கண்ணும் மங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும், பழைய கணினி பழுதானதும், புதிது வாங்கிக் கல்யாண வீடியோ வேலையைத் தொடரப்போவதாகப் பிடிவாதமாக நின்றான். புஷ்பாவும் மறுக்கவில்லை.

“மெமரி எவ்வளவு வேணும் அங்கிள்? என்ன வேலைக்கு?” என்று கேட்டாள் கடைப்பெண் ரூபினி.

“வீடியோ எடிட்டிங்,” என்றாள் புஷ்பா முந்திக்கொண்டு.

“அப்போ முப்பத்திரண்டு ஜிபி போடுங்க லா. எட்டு போட்டா ஸ்டக் ஆயிரும்.” ரூபினி எட்டும் முப்பத்திரண்டும் போட்ட இரண்டு கணினிகளில் ஒரே கல்யாண வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் ஓடவிட்டாள். “பாருங்க, எட்டுல எப்படி விட்டு விட்டு ஓடுது!”

சுகுமாறன் மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். வெகு நேரம் நிமிரவே இல்லை.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாதாம்மா தெரியுது,” என்றான் கடைசியில். “எட்டே போடு. பாட்டு கேக்க அது போதும்.”

“முப்பத்திரண்டே வாங்கிக்கலாங்க,” என்றாள் புஷ்பா.

“வேணாம் புஷ்பா. இனிமே என்னால முடியாது.”

அந்த வார்த்தையை அவன் வாயால் கேட்டுவிடக் கூடாதென்றுதான் அவள் இத்தனை நாளும் எல்லாவற்றுக்கும் தலையாட்டி வந்தாள்.

திரும்பும் வழியில், சுங்கை சோவில் வீடியோ எடுக்க ஒப்புக்கொண்டிருந்த கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும்படி அந்த வீட்டாரிடம் சொல்லச் சொன்னான் சுகுமாறன். புஷ்பா காரை ஓரங்கட்டி, அவன் கைப்பேசியில் பெண் வீட்டாரின் எண்ணைத் தேடினாள்.