வெறும் வயிறு ஏறிய பஸ்

ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால், கோவில்பட்டியில் வெறும் வயிறு மட்டும்தான் போகும். தலை, கை, கால் எல்லாம் தங்கி அதனதன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டவுன் பஸ்ஸில் வயிறுகளுக்கு அரை டிக்கெட். பெண்களின் வயிறுகளுக்கு அதுவும் கிடையாது. பெற்ற வயிறு ஏதாவது ஏறினால் மற்ற வயிறுகள் நகர்ந்து இடம் கொடுக்கும்.

ஒரு வியாழக்கிழமை செண்பகராஜின் வயிறும் அப்படிக் கிளம்பியது.

செண்பகராஜ் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும் என்று மைக்கில் சொல்வது வேலை. அவன் ஒரு தடவை சொன்னால் போதும், டீ குடித்துக்கொண்டிருப்பவர்கள் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு ஓடுவார்கள். ஊரையே ஒரே கூப்பாட்டில் கிளப்புகிற இந்த மகராசனை வீட்டில் கிளப்ப நாலு கூப்பாடு வேண்டும். அவன் மனைவி கனகலட்சுமி "என்னங்க" என்று முதல் தடவை கூப்பிடுவது தொண்டையைச் சரிசெய்துகொள்ள. இரண்டாவதும் மூன்றாவதும் சுவருக்கு. நாலாவதற்குத்தான் "ம்?" என்பான். கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகியும் இதில் ஒன்று கூடக் குறையவில்லை.

அவனுடைய வயிறு அப்படியில்லை. தங்கமான வயிறு. அவன் சொல்லை ஒரு நாளும் தட்டியதில்லை. இன்னும் இரண்டு புரோட்டா என்றால் சரி என்றது. படுக்கப்போகும் நேரத்தில் கடலைமிட்டாய் என்றால் அதற்கும் ஓரமாக இடம் பண்ணிக் கொடுத்தது.

பின்கழுத்தில் கருப்பாக ஒரு பட்டை விழுந்ததில்தான் விஷயம் ஆரம்பித்தது. அழுக்கு என்று நினைத்துக் கனகா பயத்தமாவு போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் தேய்த்தாள், கடைசியில் கோபத்தோடும் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. டாக்டர் ஆவுடையப்பனிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தார்.

"இப்பப் பாத்தா சர்க்கரை நார்மலாக்கூட இருக்கலாம். அது ஏற வருஷக்கணக்கா ஆகும். நாம இன்சுலினைப் பாக்கணும். ரத்தத்துல இருக்கிற சர்க்கரையை உள்ள எடுத்துக்கோன்னு உடம்பைக் கூப்பிடுறது அதுதான். நல்ல உடம்பு ஒரு தடவை கூப்பிட்டாக் கேட்டுக்கும். சில உடம்புக்கு நாலு தடவை கூப்பிடணும்."

"அது எனக்கு ரத்தம் எடுக்காமலே தெரியும் டாக்டர்," என்றாள் கனகா.

செண்பகராஜ் சிரிக்கவில்லை. அவன் அப்பா சீனிராஜ், மில்லில் நின்றுகொண்டே முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவருக்குச் சர்க்கரை இருப்பது தெரியவந்தபோது ரொம்பத் தாமதமாகிவிட்டது. இடது கால் போய்விட்டது. எட்டு வருடம் ஆகிறது. கால் போன போக்கில் போயிருக்கும் என்று யாரும் தேடவும் இல்லை. முன்னறை நாற்காலியில் அப்பா ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் செண்பகராஜுக்குப் பயமாக இருக்கும். தனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் கேட்டது.

புதன்கிழமை இரவு எட்டு மணிக்கே சாப்பாட்டை முடித்துக்கொண்டான். வியாழன் காலை ஆறரைக்குச் சட்டைப் பொத்தானை அவிழ்த்து வயிற்றை இறக்கி வைத்து, துண்டால் துடைத்து, டாக்டரின் சீட்டைக் கொடுத்து அனுப்பினான். அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றான். பிறந்ததிலிருந்து ஒரு நாள் கூடப் பிரிந்திருந்ததில்லை அல்லவா.

பரிசோதனைக்கூடம் பஸ் ஸ்டாண்டுக்கு நேர் எதிரே இருந்தது. ரத்தம் எடுப்பவள் பிலோமினா, கறாரானவள். ஏழு மணிக்கு முதல் ரத்தம். பிறகு ஒரு தம்ளர் குளுக்கோஸ் தண்ணீர். அப்புறம் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்து ஒன்பது மணிக்கு இரண்டாவது ரத்தம். வயிறுகளிடம் யாரும் செய்தி சொல்லக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தாள். கெட்ட செய்தி சொன்னால் வயிற்றில் புளியைக் கரைக்கும், நல்ல செய்தி சொன்னால் பாலை வார்க்கும். இரண்டில் எது நடந்தாலும் பரிசோதனை கெட்டது. கெட்டுப்போனால் மறுபடி பெயரெழுதி ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் அங்கே டி.வி. கிடையாது, பேப்பர் கிடையாது. சுவரில் தொங்கிய காலண்டரிலும் ராசிபலனை மட்டும் வெட்டி எடுத்துவிட்டிருந்தாள்.

எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு, பஸ் ஸ்டாண்டின் அறிவிப்பு அறையில் செண்பகராஜின் போன் அடித்தது.

"சார், உங்க வயித்தக் காணும்," என்றாள் பிலோமினா. "ஏழு அம்பதுக்கு நீங்க மைக்ல, தூத்துக்குடி வண்டி புறப்படுது, உடனே ஏறிக்கொள்ளவும்னு சொன்னீங்களாம். நான் உள்ள ஊசி போட்டுட்டு இருந்தேன். இது எந்திரிச்சுப் போயிருச்சுன்னு பக்கத்து வயிறு சொல்லுது."

செண்பகராஜுக்குப் பகீரென்றது.

"பயப்படாதீங்க!" என்று பிலோமினா போனிலேயே அதட்டினாள். "நீங்க அங்க பயந்தா, புளி வயித்துலதான கரையும்?"

அவள் சொல்வது நியாயம்தான். அவன் பயத்தைப் பாதியில் நிறுத்திக்கொண்டு நின்றான். அப்படி நிற்பது சுலபமாக இல்லை. போதாக்குறைக்கு, வயிறு இல்லாத இடுப்பில் பேன்ட் நிற்காமல் நழுவியது.

"என்னங்க," என்று அறை வாசலில் குரல் கேட்டது.

திரும்பினான். கனகா நின்றாள், பேன்ட்டைக் கட்டிக்கொள்ள நாடா கொண்டுவந்திருந்தாள். இரண்டாவது 'என்னங்க'வுக்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். விஷயத்தைக் கேட்டதும் நாடாவை அவன் இடுப்பில் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"நல்லதும் இல்லாத கெட்டதும் இல்லாத விஷயமா நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். நீங்க அதக் கேட்டுக்கிட்டே போன் போடுங்க. கீழத்தெருக் குழாயில வாஷர் மாத்தியிருக்கான். முன்னாடியும் சொட்டுச்சு, இப்பவும் சொட்டுது."

செண்பகராஜ் தூத்துக்குடி வண்டி நடத்துநருக்குப் போன் போட்டான். வண்டி எட்டயபுரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"ஆமா அண்ணாச்சி, முன் சீட்ல ஒரு வயிறு உக்காந்திருக்கு. தூத்துக்குடிக்கு அரை டிக்கெட் எடுத்திருக்கு. இறங்குன்னா மாட்டேங்குது. அறிவிப்புல ஏறச் சொன்னாங்களாம். அறிவிப்புல இறங்கச் சொன்னாத்தான் இறங்குமாம்."

அவனுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சொன்னபடி கேட்கிற வயிற்றிடம் இத்தனை வருடம் என்னென்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அழவும் கூடாது. கனகா குழாயை முடித்துவிட்டு, எதிர்வீட்டுக்காரர் கதவுக்குப் பச்சை அடிப்பதா நீலம் அடிப்பதா என்று இன்னும் முடிவு செய்யாததைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். அவன் போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மைக்கைப் போட்டு, திருநெல்வேலி வண்டிக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னான்:

"எட்டயபுரத்தில் தூத்துக்குடி வண்டியின் முன் இருக்கையில் அமர்ந்திருக்கும் கோவில்பட்டி செண்பகராஜ் அவர்களின் வயிறு, அங்கேயே இறங்கி, எதிரே வரும் கோவில்பட்டி வண்டியில் ஏறிக்கொள்ளவும்."

ஒரே தடவைதான் சொன்னான்.

"இறங்கிருச்சு அண்ணாச்சி," என்றார் நடத்துநர். "எதிர் வண்டி வந்துட்டு. நடக்கவிடாம நானே தூக்கி ஏத்திவிட்டுட்டேன்."

இப்போது வேறொரு ஆபத்து. நிம்மதி வரப் பார்த்தது. வந்தால் பால். "பச்சைன்னா அவங்க வாசல் கேட்டும் பச்சை," என்று கனகா அவசரமாகச் சொன்னாள். "நீலம்னா கேட்டுக்கு ஒத்து வராது." செண்பகராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டின் நிறத்தை நினைத்தான். எட்டு ஐம்பத்திரண்டுக்கு வண்டி உள்ளே வந்தது. ஜன்னலோரத்தில் அவன் வயிறு, டிக்கெட்டைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஓடிப்போய் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அதன் முகத்தைப் பார்க்காமல் சாலையைக் கடந்தான். பார்த்தால் சந்தோஷப்பட்டுவிடுவான் என்று அவனுக்குத் தெரியும். கனகா பின்னாலேயே வந்து கேட்டின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னாள்.

சரியாக ஒன்பது மணிக்குப் பிலோமினா ஊசியைக் குத்தினாள். குழாயில் ரத்தம் ஏறியது. மூடியைப் போட்டு, பெயர் எழுதி, தாங்கியில் நிறுத்திவிட்டு, பெரிய துண்டு ஒன்றை எடுத்து வயிற்றுக்குக் கீழே விரித்தாள்.

"ம், இப்ப சந்தோஷப்படுங்க."

செண்பகராஜ் சந்தோஷப்பட்டான். வாய்விட்டு அழுதுகொண்டே சந்தோஷப்பட்டான். வயிற்றில் வார்த்த பால் அரை லிட்டருக்குக் குறையாது, துண்டு போதவில்லை.

சாயங்காலம் அறிக்கை வந்தது. சர்க்கரை நார்மல். இன்சுலின் நாலு தடவை கூப்பிட்டிருந்தது. கனகா அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தாள்.

"நல்ல நேரத்துல பிடிச்சோம்," என்றார் டாக்டர். "புரோட்டாவுக்கு லீவு குடுங்க. தினமும் முக்கால் மணி நேரம் காலுக்கு வேலை குடுங்க. உடம்புக்குக் காது திறக்க ஆரம்பிக்கும்."

காலுக்கு வேலை என்றால் கால்கள் மட்டும் போனால் போதும். தினமும் மாலை ஐந்தரைக்குச் செண்பகராஜின் கால்கள் செருப்பை மாட்டிக்கொண்டு ரயில்வே மேம்பாலம் வரை போய்வந்தன. அவன் முன்னறையில் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தான். வயிறு இன்னொரு புரோட்டா என்று கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கழுத்துப் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. ஒன்பது மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்ததில் கூப்பாடு இரண்டாகக் குறைந்திருந்தது. வீட்டிலும் இரண்டுதான்.

அந்த அறிக்கை வந்த அன்றைக்குக் கால்கள் திரும்பிவரப் பத்து நிமிடம் தாமதமாகியது. கனகா வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, "என்னங்க," என்றாள்.

"இந்தா இருக்கேன்," என்றான் செண்பகராஜ்.

வாசலில் மூன்று கால்கள் நின்றன. இரண்டு அவனுடையவை. மூன்றாவது, வெயிலில் நன்றாகக் கறுத்து, கணுக்கால் வரை செம்மண் புழுதியோடு, கொஞ்சம் பின்னால் தயங்கி நின்ற ஓர் இடது கால்.

கனகா ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மூன்றையும் கழுவிவிட்டாள். அப்பா பக்கத்திலிருந்த கட்டிலுக்கு அடியில் குனிந்து, எட்டு வருடமாக அங்கே கிடந்த இடது செருப்பை இழுத்து, தூசியைத் தட்டி வலது செருப்புக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, நாற்காலியில் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்.