பரவாயில்லை மேடம்

1

இந்தக் கதை சாப்பாட்டு மேசையில் பிறந்தது. அதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அக்கா மகள் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் கடைசி வருடம் படிக்கிறாள். கல்வியின் தரத்தைப் பார்க்க அன்று ஒரு குழு வந்திருந்ததாம்.

"உன்னை என்னடி கேட்டாங்க?" என்றாள் அக்கா.

"படிப்பு எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பரவாயில்லைன்னு சொன்னேன்."

அக்கா நிம்மதியாக எழுந்து கை கழுவப் போனாள். எனக்குத்தான் அந்த வார்த்தை உறுத்தியது. போன மாதம் அக்கா மகளின் குடையைப் பஸ்ஸில் தொலைத்துவிட்டு நான் வந்து நின்றபோதும் அவள் இதே வார்த்தையை, இதே குரலில்தான் சொன்னாள்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"கல்வி என்பது ஒரு" (நிறுத்திவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே கடைசிவரை படித்ததில்லை.)

"அந்த ஆய்வகத்தில் இருந்த மோட்டார்களில் பாதிக்கு மேல்" (அறிக்கை வாடை அடிக்கிறது.)

"எர்த் சார்* கதவைத் திறந்ததும் உள்ளே புதுப் பெயின்ட் மணத்தது." (இது தேவலை. இதிலேயே போகலாம்.)

* ஆய்வக ஆசிரியர். எதைத் தொடப் போனாலும் "முதல்ல எர்த் பாரு" என்பார், அதனால் வந்த பெயர். நிரந்தர வேலை இல்லை. வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். மாணவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள்.

3

எர்த் சார் கதவைத் திறந்ததும் உள்ளே புதுப் பெயின்ட் மணத்தது. மூலையில் இருந்த பெரிய மோட்டாரின் உறையை எடுத்திருந்தார்கள். அக்கா மகள் சேர்ந்த நாளிலிருந்து அந்த உறை எடுக்கப்பட்டதே இல்லை. எர்த் சார் அந்த மோட்டாரைக் கரும்பலகையில் வரைந்துதான் பாடம் நடத்துவார். சுருள், தண்டு, தாங்கி என்று அவர் வரைந்தால் பலகையிலிருந்து கழற்றி எடுத்துவிடலாம் போலிருக்குமாம். குழு வருவதற்கு முந்தின வாரம் வெளியிலிருந்து ஆள் வந்து மோட்டாரைச் சரிசெய்துவிட்டுப் போனார்.

வகுப்பில் முதல் மாணவி என்பதால் துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார். "ஸ்டார்ட் பண்ணும்மா."

அவள் எர்த் பார்த்தாள். பிறகு சுவிட்சை அழுத்தினாள். மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியதும் வகுப்பு மொத்தமும் துள்ளிப் பின்னால் நகர்ந்தது. அடுத்த கணம் பின்வரிசையில் யாரோ கை தட்ட, எல்லாரும் சேர்ந்து தட்டிவிட்டார்கள்.

குழுவிலிருந்த அம்மாள் மட்டும் மோட்டாரைப் பார்க்கவில்லை, மாணவர்களைப் பார்த்தார். "இதுக்கு ஏம்ப்பா கை தட்டுறீங்க?"

தினமும் ஓடும் மோட்டாருக்கு யாரும் கை தட்டமாட்டார்கள். இது துறைத்தலைவருக்கும் அப்போதுதான் உறைத்தது. அவருடைய சிரிப்பு இருந்த இடத்திலேயே நின்றது.

"இங்க படிப்பு எப்படிம்மா இருக்கு?" என்று அந்த அம்மாள் அவளிடம் கேட்டார்.

அவள் எர்த் சாரைப் பார்த்தாள். அவர் சுவரோரம் நின்று, ஏற்கெனவே இறுக்கியிருந்த எர்த் கம்பியை மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"பரவாயில்லை மேடம்."

அம்மாள் தன் தாளில் ஒரு வார்த்தை எழுதினார். தலைகீழாக இருந்தாலும் அவளால் படிக்க முடிந்தது. "திருப்தி."

4

(இந்த இடத்தில் ஒரு சச்சரவு. முதல் வரைவில் எர்த் சாரைச் சோம்பேறியாக எழுதியிருந்தேன். வேலை செய்யாத மோட்டாருக்கு ஒரு குற்றவாளி கிடைத்தால் கதை சுலபமாக ஓடும் என்ற கணக்கு. அதை அவளிடம் படிக்கக் கொடுத்தது என் போதாத காலம்.)

"அவர் மேல மட்டும் கையை வைக்காதீங்க மாமா. எனக்கு ஏதாவது தெரியும்னா அவராலதான்."

"அப்போ மோட்டார் இத்தனை நாளா ஓடலைன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"சொன்னா யார் தலையில விழும்? லேப் சரியில்லன்னா லேப் எடுக்கிறவர் சரியில்லன்னுதான் எழுதிப்பாங்க. மோட்டாருக்கா ஒப்பந்தம் போட்டிருக்காங்க?"

"சரி, நல்லா இருக்குன்னு சொல்லிடு."

"அப்போ குழு போனதும் உறையைப் போட்டுடுவாங்க. எனக்குப் பின்னாடி வர்றவங்களும் சாக்பீஸ் மோட்டாரைத்தான் பார்ப்பாங்க." வரைவை என் பக்கம் தள்ளினாள். "வேலைக்குப் போற இடத்துல நிஜ மோட்டார் இருக்கும் மாமா. அங்க போய் நான் துள்ளி நின்னா?"

அவள் பயந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதாசிரியன் என்று பெயர், ஒரே வீட்டில் இருக்கிறேன், வெட்கமாக இருந்தது.

5

அவளுடைய நண்பர்களைப் பஸ் நிறுத்தத்தில் பிடித்துக் கேட்டேன். ஒருவன், "கட்டடம் சூப்பர் அங்கிள்" என்றான். "பாடம் எங்க அப்பா காலத்துது, ஃபீஸ் மட்டும் எங்க காலத்துது" என்றாள் ஒருத்தி. இன்னொருவன் நெடுநேரம் யோசித்தான். பஸ் வந்ததும் ஏறிக்கொண்டே சொன்னான்: "பரவாயில்லை."

காலை மிதித்தவரிடமும் பரவாயில்லை என்கிறோம். காய்ச்சல் விட்டதா என்று கேட்பவரிடமும் அதே வார்த்தைதான். நன்றாக இருக்கிறது, போனால் போகிறது, மன்னித்துவிட்டேன், உன்னிடம் சொல்லிப் பயனில்லை, எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதான். கேட்கிறவர் தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொண்டு போய்விடலாம். (கட்டுரையாகிறது. போதும்.)

6

இதற்கு மூன்று முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிறாள், எர்த் சார் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார். இன்னொன்றில் நல்லா இருக்கு என்கிறாள், மோட்டார் திரும்பவும் உறைக்குள் போகிறது. மூன்றாவதில் எர்த் சாரே முன்வந்து எல்லாவற்றையும் (இல்லை. அவருக்கு வீட்டில் பசிக்கும் வாய்கள் உண்டு. என் கதை அழகாக முடிய அவர் ஏன் தியாகம் செய்ய வேண்டும்?)

இதற்கிடையில் நிஜம் என்னை முந்திக்கொண்டது. குழு நாளைக் காலை மறுபடி வந்து மாணவர்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டுப் பேசப்போகிறது. துறைத்தலைவர் இருக்கமாட்டார், எர்த் சாரும் இருக்கமாட்டார். முதல் ஆள் இவள்.

"டிகிரி கைக்கு வர்ற வரைக்கும் வாயைத் திறக்காதே" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி, "நீ வேற எழுதி ஏத்திவிடாதே. உனக்கென்ன, கதை. எனக்குப் பொண்ணு" என்றாள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை.

7

மேலே இருப்பதை எல்லாம் இன்று மாலை அவளிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். கடைசித் தாளை மடித்து என் கையில் வைத்தாள்.

"எப்படி இருக்கு?"

"பரவாயில்லை மாமா."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சிரித்துவிட்டுத் தாளைப் பைக்குள் வைத்துக்கொள்வேன். குடையைத் தொலைத்த அன்றும் அப்படித்தான் சிரித்துத் தப்பினேன். இன்று வைக்கவில்லை.

"பரவாயில்லைன்னா?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இதுவரை யாரும் அவளிடம் அப்படித் திருப்பிக் கேட்டதில்லை போலிருக்கிறது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உட்காருங்க. சொல்றேன்."

சொன்னாள். விளக்கைப் போட மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் கோபம் இருந்தது; ஆனால் யாரையும் காட்டிக்கொடுக்காத ஒரு வழியும் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. அது என் முடிவு அல்ல.

நாளை காலை அவள் உள்ளே வந்ததும், மேசைக்கு இந்தப் பக்கம், குழுவின் இடத்தில், இருப்பது நீங்கள். தாள் உங்களிடம், பேனாவும் உங்களிடம். படிப்பு எப்படிம்மா இருக்கு என்று கேட்பீர்கள். பழக்கதோஷத்தில் அவள் அந்த வார்த்தையைத்தான் சொல்வாள்.

தயவுசெய்து உடனே எழுதிவிடாதீர்கள்.